எட்டிக்கொட்டையும் வுட்வர்டும்: முழுத் தொகுப்பு என்றால் என்ன?

எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. எட்டிப்பழம் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் அதன் கொட்டையிலுள்ள கடும் நஞ்சு யாருக்கும் அதை உண்ணத்தகாததாக்கி விடுகிறது. அந்த நஞ்சின் பெயர் ஸ்ட்ரிக்னைன். பெல்லெட்டியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் 1818-இல் எட்டிக் குடும்பத்து விதைகளிலிருந்து இதைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறில் எந்த அணு எந்த அணுவோடு இணைந்திருக்கிறது என்பதை உறுதிசெய்ய ஏறத்தாழ 130 ஆண்டுகள் பிடித்தன. அதன்பின் ஒரு பத்தாண்டுகூட ஆகவில்லை; 1954-இல் எட்டிமரத்தின் துணையே இல்லாமல், எளிய வேதிப்பொருள்களிலிருந்து அதே மூலக்கூறைக் கண்ணாடிக் குடுவைக்குள் கட்டி முடித்தார் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பர்ன்ஸ் வுட்வர்டு. கரிம வேதியியலில் இந்தச் செயலுக்கு முழுத் தொகுப்பு என்று பெயர். அது என்ன, ஏன் அவ்வளவு கடினம், கடைகளில் விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளை மெனக்கெட்டு ஏன் கட்ட வேண்டும் என்னும் கேள்விகளுக்கு வுட்வர்டின் பணிவாழ்க்கையைப் பின்தொடர்ந்தே விடை காண முடியும் என்பதால், இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. கரிமச் சேர்மம் என்பது கார்பன் அணுக்களை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மம். ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தும். மற்றக் கார்பன்களோடு சங்கிலியாகவும் கிளையாகவும் வளையமாகவும் சேரும். ஆகவே ஒரு சேர்மத்தில் எத்தனை கார்பன், எத்தனை ஹைட்ரஜன், எத்தனை நைட்ரஜன் என்று எண்ணிச் சொல்வது ஒரு வீட்டுக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு செலவாயிற்று என்று சொல்வதைப் போன்றதே. வீட்டின் வரைபடம் அதில் இருக்காது. இதை உணராத காலத்தில் நடந்த ஒரு தோல்வி வேதியியல் வரலாற்றில் புகழ்பெற்றது. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவின் வாய்ப்பாடு, 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்பது 1850-களில் தெரிந்திருந்தது. 18 வயதான வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கிலேய மாணவர், 10 கார்பனும் 13 ஹைட்ரஜனும் 1 நைட்ரஜனும் கொண்ட ஒரு பொருளை இரட்டித்து, ஆக்சிஜன் ஏற்றி, ஒரு மூலக்கூறு நீரைக் கழித்தால் கணக்கு சரியாக வருகிறதே என்று 1856-இல் முயன்று பார்த்தார். கணக்கு சரிதான், கிடைத்ததோ பழுப்பு நிறக் கசடு. அதே வகை வினையை அனிலினில் செய்து பார்த்தபோது ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது என்பதும், அது சாயத் தொழிலையே மாற்றியது என்பதும் வேறு கதை. கொயினா கிடைக்கவில்லை, அன்றிருந்த அறிவைக் கொண்டு கிடைத்திருக்கவும் முடியாது.

ஆக, முழுத் தொகுப்புக்கு வரைபடம் வேண்டும். அந்த வரைபடமும் தாளில் தட்டையாக வரைந்ததாக இருந்தால் போதாது. முப்பரிமாணத்தில் இருக்க வேண்டும்.

இங்கேதான் தொடக்கநிலை வாசகர் பலரும் தடுமாறுகிறார்கள். வலது கால் செருப்பையும் இடது கால் செருப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே தோல், அதே வார், அதே தையல். எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு இணைந்திருக்கிறது என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான் வரும். எனினும் ஒன்று மற்றொன்றின் காலுக்குப் பொருந்தாது. நான்கு வெவ்வேறு அணுத் தொகுதிகளைத் தாங்கிய கார்பன் அணுவும் இப்படித்தான் வலக்கை அமைப்பாகவோ இடக்கை அமைப்பாகவோ இருக்க முடியும். அத்தகைய அணுவைக் கைரல் மையம் என்கிறோம். ஒரு மூலக்கூறில் ஒரே ஒரு கைரல் மையம் இருந்தால் வடிவங்கள் இரண்டு. இரண்டு மையம் இருந்தால் நான்கு. எட்டு மையங்கள் கொண்ட கொலஸ்ட்ராலுக்கு 256 வடிவங்கள் தாளின்மேல் சாத்தியம். அவற்றுள் நம் உடலில் இருப்பது ஒன்றே ஒன்று. முழுத் தொகுப்பு செய்பவர் மற்ற 255 வடிவங்களைத் தவிர்த்து அந்த ஒன்றை எட்ட வேண்டும். வெறும் அதிர்ஷ்டத்தை நம்பி இதில் இறங்க முடியாது.

இன்னொரு தடை சிக்கனம் தொடர்பானது. எந்த வேதிவினையும் நூற்றுக்கு நூறு விளைச்சல் தருவதில்லை. ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு கிடைத்தால் அதை நல்ல வினை என்றே வேதியியலாளர் மெச்சிக்கொள்வார். அத்தகைய நல்ல வினைகள் 50 அடுத்தடுத்து வந்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது அரை விழுக்காடு மட்டுமே. படிக்கு 80 விழுக்காடு என்றால் 20 படிகளிலேயே ஒரு விழுக்காட்டை ஒட்டி வந்துவிடுவோம். 50 படிகளை ஒரே நேர்க்கோட்டில் செய்யாமல், மூலக்கூறை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் 25 படிகளில் தனித்தனியே செய்து, இறுதியில் இரண்டையும் பொருத்தினால், அதே 90 விழுக்காட்டுக் கணக்கில் 6 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சும். எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று முன்கூட்டியே சிந்திப்பதன் மதிப்பு இந்த எண்களிலேயே தெரிகிறது. வுட்வர்டுக்கு முன்பும் தொகுப்புகள் நடந்தன. 1828-இல் ஃபிரெடரிக் வோலர் யூரியாவை உருவாக்கியது முதல் பல திறமைசாலிகள் இத்துறையில் இருந்தனர். ஆனால் ஒரு பெரிய மூலக்கூறின் தொகுப்பைத் தொடக்கம் முதல் முடிவுவரை காரணகாரியத்தோடு திட்டமிட முடியும் என்று தொடர்ந்து முப்பது ஆண்டுகள் செய்து காட்டியவர் அவரே.

வுட்வர்டு 1917 ஏப்ரல் 10 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். 1918-இல் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா அவருடைய தந்தையைக் கொண்டுபோயிற்று. சிறுவயதிலேயே வீட்டில் வேதியியல் சோதனைகளில் ஈடுபட்டார். பாஸ்டனிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்துக்கு எழுதி, ஜெர்மன் வேதியியல் ஆய்விதழ்க் கட்டுரைகளை வரவழைத்தார். அப்படி வந்தவற்றுள் ஓட்டோ டீல்ஸ், குர்ட் ஆல்டர் இருவரும் 1928-இல் வெளியிட்ட கட்டுரையும் இருந்தது. டீல்ஸ்–ஆல்டர் வினை எனப்படும் அது, நான்கு கார்பன் கொண்ட ஒரு துண்டையும் இரண்டு கார்பன் கொண்ட மற்றொரு துண்டையும் ஒரே வீச்சில் ஆறுமுனை வளையமாக மூட்டிவிடும். அந்தச் சிறுவனின் கைக்குத் தற்செயலாக வந்து சேர்ந்த இந்த வினையைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

1933-இல் தமது 16-ஆம் வயதில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். வகுப்புகளைப் புறக்கணித்தார் என்று 1934-இல் வெளியேற்றப்பட்டார். 1935-இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 1936-இல் இளநிலைப் பட்டமும் 1937-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது வயது 20. நம் ஊர்க் கல்லூரிகளில் அந்த வயதில் மாணவர்கள் இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் இருப்பார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டுக்கு வந்தவர், வாழ்நாள் இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

அவருடைய முதல் பெயர்பெற்ற பங்களிப்பு தொகுப்பு அன்று, அளவீடு. ஒரு சேர்மம் புறஊதா ஒளியில் எந்த அலைநீளத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது என்பதற்கும் அதன் இரட்டைப் பிணைப்புகளின் சுற்றுப்புறத்துக்கும் எளிய தொடர்பு உண்டு என்று 1941, 1942 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் காட்டின. அடுத்தடுத்து அமைந்த இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு ஓர் அடிப்படை எண், அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கார்பன் தொகுதிக்கும் 5 நானோமீட்டர் கூடுதல் என்று கூட்டினால், ஆய்வகத்தில் அளக்கப்போகும் மதிப்பை முன்னதாகவே சொல்லிவிடலாம். வுட்வர்டு விதிகள் என்ற பெயரில் இன்றும் முதுகலை வேதியியல் மாணவர்கள் தேர்வில் போடும் கணக்கு இதுவே. பெரிய மூலக்கூறுகளைச் சிதைத்துச் சிதைத்து, துண்டுகளிலிருந்து முழு உருவத்தை ஊகித்துக்கொண்டிருந்த காலத்தில், கருவியின் வரைகோட்டைப் பார்த்தே உள்ளமைப்பைப் படிக்கலாம் என்ற நம்பிக்கையை இது ஊட்டியது. பெனிசிலினின் அமைப்பைப் பற்றிய விவாதத்திலும் அவர் தயங்காமல் ஒரு பக்கம் நின்றார். ராபர்ட் ராபின்சன் போன்ற மூத்தவர்கள் ஓர் அமைப்பைச் சொன்னபோது, ஆபிரகாமும் செயினும் முன்வைத்த நான்குமுனை வளைய அமைப்பே சரி என்று வுட்வர்டு வாதிட்டார். 1945-இல் டோரதி ஹாட்ஜ்கினின் எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வு அந்த நான்குமுனை வளையத்தை உறுதிசெய்தது.

கொயினா: புகழும் சர்ச்சையும்

நீலகிரியில் நடுவட்டம், தொட்டபெட்டா பகுதிகளுக்குப் போனவர்கள் அங்கே 1860-களில் ஆங்கிலேய அரசு கொயினா மரம் பயிரிட்ட கதையைக் கேட்டிருப்பார்கள். அந்த மரத்தின் பட்டையே மலேரியாவுக்கு மருந்து. இரண்டாம் உலகப் போரில் உலகின் பெரும்பகுதிக் கொயினாவைத் தந்துகொண்டிருந்த ஜாவாத் தீவு 1942-இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெப்பமண்டலத்தில் போரிட்ட படைகளுக்கு மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தச் சூழலில் வுட்வர்டும் வில்லியம் டோரிங்கும் போலராய்டு நிறுவனத்தின் நிதியுதவியோடு வேலையில் இறங்கி, 1944-இல் கொயினாவின் தொகுப்பை அறிவித்தனர். வுட்வர்டுக்கு அப்போது 27 வயது. பெர்க்கின் தோற்றுப்போய் 88 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றி என்பதால் நாளிதழ்கள் கொண்டாடின.

உண்மையில் அவர்கள் கொயினாவரை போகவில்லை. குயினோடாக்சின் என்னும் முன்னிலைப் பொருள்வரை கட்டினார்கள். அதிலிருந்து கொயினாவுக்கு மூன்று படிகளில் போகலாம் என்று பால் ராபே, கார்ல் கிண்ட்லர் ஆகிய ஜெர்மானியர்கள் 1918-இல் அறிவித்திருந்ததால், மிச்சப் பாதை தெரிந்த பாதைதானே என்று நிறுத்திக்கொண்டார்கள். இதற்கு வேதியியலில் முறைசார் தொகுப்பு என்று பெயர். ஊருக்கு நல்ல சாலை உள்ள இடம்வரை வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இனி வழி தெரியுமே என்று சொல்வது போல. ராபேயின் குறிப்பு மிகச் சுருக்கமானது. அதை வுட்வர்டு தாமே செய்து பார்க்காமல் ஏற்றுக்கொண்டது சரியா என்று அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் ஸ்டார்க் பல ஆண்டுகள் கேள்வி எழுப்பினார். அவரே 2001-இல் வடிவக் கட்டுப்பாட்டோடு கொயினாவை முழுமையாகத் தொகுத்தும் காட்டினார். 2008-இல் கொலராடோவைச் சேர்ந்த ஆரன் ஸ்மித், ராபர்ட் வில்லியம்ஸ் இருவரும் ராபேயின் காலத்து முறைகளைக் கொண்டே அந்த மூன்று படிகளைச் செய்து முடித்து, 1918-ஆம் ஆண்டின் கூற்று உண்மையே என்று நிறுவினர். வுட்வர்டின் பெயர் காப்பாற்றப்பட்டது எனலாம். எனினும் ஸ்டார்க்கின் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். செய்து பார்க்காத படியைச் செய்ததாகக் கொள்வது எவ்வளவு பெரிய கைக்கும் ஆபத்தானது.

இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பிலிருந்து போர்வீரர் யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு படிகளைக் கடந்து வரும் மருந்து மரப்பட்டையோடு விலையில் போட்டியிட முடியாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் இதற்கு இன்னொரு சான்று. சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் எஷென்மோசர் 1959-இலும், வேறொரு வழியில் வுட்வர்டு 1963-இலும் அதைத் தொகுத்துவிட்டனர். ஆனாலும் திண்டுக்கல், கரூர், திருப்பூர் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் அதைப் பயிரிட்டு, விதையை மருந்து நிறுவனங்களுக்காக விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முழுத் தொகுப்பைச் செடிக்கு மாற்றாக எண்ணிக்கொண்டு படிக்கத் தொடங்கினால் அது ஒரு வீண்வேலையாகவே தோன்றும். வரைபடம் சரிதானா என்று கட்டிப் பார்த்து உறுதிசெய்வது ஒரு பயன். கட்டும்போது இதுவரை யாரும் கேட்டிராத கேள்விகளுக்கு விடை தேட நேர்வது அதைவிடப் பெரிய பயன்.

ரெசர்பைன்: மூலக்கூறை ஏமாற்றிய கதை

1951-இல் கொலஸ்ட்ராலும் கார்ட்டிசோனும், 1954-இல் ஸ்ட்ரிக்னைனும் லைசர்ஜிக் அமிலமும் என்று வுட்வர்டின் வெற்றிகள் வரிசையாக வந்தன. ஸ்ட்ரிக்னைனில் 21 கார்பன்களும் ஏழு வளையங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதில் அவர் கையாண்ட ஒரு உத்தி குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் பென்சீன் வகை வளையமொன்றைச் சேர்த்துவிட்டு, பல படிகள் தாண்டியபின் ஓசோனைக் கொண்டு அதே வளையத்தை உடைத்துத் திறந்து, உடைந்த முனைகளையே வேறு வளையம் கட்டப் பயன்படுத்தினார். தளம் போடுவதற்குக் கட்டிய சாரப்பலகையைப் பிறகு கதவுக்கு மரமாக அறுத்துக்கொள்வது போன்ற வேலை இது.

ஆனால் அவருடைய சிந்தனை முறையைத் தொடக்கநிலை வாசகருக்குக் காட்ட நான் தேர்ந்தெடுப்பது 1956-இல் அவர் முடித்த ரெசர்பைன். சர்ப்பகந்தி வேரிலுள்ள இந்தப் பொருளுக்கு இந்தியத் தொடர்பு வலுவானது. நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் ஆய்விதழில் எழுதியபிறகு உலகின் கவனம் அதன்மேல் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தினர் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். அதற்கு நான்கே ஆண்டுகளில் தொகுப்பும் முடிந்தது.

ரெசர்பைனில் ஆறு கைரல் மையங்கள் உண்டு. சாத்தியமான வடிவங்கள் 64. அவற்றில் ஐந்து மையங்கள் ஒரே ஆறுமுனை வளையத்தின்மேல் அடுத்தடுத்து நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. பார்த்தவுடன் அச்சமூட்டும் இந்த நெருக்கடியையே வுட்வர்டு தமக்கு வசதியாக மாற்றிக்கொண்டார். அந்தக் கடினமான வளையத்தை முதலில் கட்டிவிடுவோம், எளிய பகுதிகளைப் பிறகு ஒட்டிக்கொள்வோம் என்பது அவர் திட்டம். சிறுவயதில் ஜெர்மன் இதழிலிருந்து தெரிந்துகொண்ட டீல்ஸ்–ஆல்டர் வினை இங்கே கைகொடுத்தது. அந்த வினையில் இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று குறிப்பிட்ட முறையில் படிந்தே இணைவதால், புதிய வளையத்தின் அணுக்கள் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பது அந்தக் கணமே முடிவாகிவிடுகிறது. முதல் படியிலேயே மூன்று மையங்கள் ஒழுங்காக வந்து அமர்ந்தன. இணைந்த இரண்டு வளையங்களும் கிண்ணம்போல் வளைந்திருந்தன. கிண்ணத்தின் உட்புறம் குறுகியது, வெளிப்புறம் திறந்தது. அடுத்து வரும் வினைப்பொருள்கள் திறந்த பக்கமாகத்தான் அணுகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததால் மற்ற மையங்களும் விரும்பிய பக்கத்திலேயே அமைந்தன.

சிக்கல் ஆறாவது மையத்தில் வந்தது. எல்லாத் துண்டுகளையும் இணைத்துக் கடைசி வளையத்தை மூடியபோது, அந்த ஒரு மையம் மட்டும் தவறான திசையில் அமைந்துவிட்டது. அதைத் திருப்பிவிட அமிலம் போதும். ஆனால் அமிலம் எப்போதும் மூலக்கூறு எந்த வடிவில் நெருக்கடியின்றி நிம்மதியாக இருக்கிறதோ அந்த வடிவத்தை நோக்கியே திருப்பும். இங்கே தவறான வடிவந்தான் நிம்மதியான வடிவம். சரியான வடிவத்திலோ பருமனான தொகுதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அப்படியானால் அமிலத்தைச் சேர்த்து என்ன பயன்?

வுட்வர்டு செய்தது இதுதான். ஐந்து மையங்கள் கொண்ட அந்த வளையத்தின் ஓர் ஓரத்தில் அமிலத் தொகுதி ஒன்றும், அங்கிருந்து ஓர் அணு இடைவிட்டு, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றும் இருந்தன. இரண்டையும் இணைத்து ஒரு பாலம் போட்டார். அவை இரண்டும் கைகோக்க வேண்டுமானால் வளையம் முழுவதும் மறுபக்கமாக மடங்கியாக வேண்டும், மடங்கியது. மடங்கியவுடன் நிலைமை தலைகீழாயிற்று. முன்பு நிம்மதியாக இருந்த தவறான வடிவம் இப்போது நெருக்கடிக்குள்ளானது. வேண்டிய வடிவமே நிம்மதியான வடிவமாயிற்று. இப்போது பிவாலிக் அமிலத்தைச் சேர்த்துச் சைலீனில் கொதிக்கவைத்தபோது ஆறாவது மையம் தானாகத் திரும்பிக்கொண்டது. அதன்பின் பாலத்தைத் திறந்து எஞ்சிய தொகுதிகளைப் பொருத்தினால் ரெசர்பைன். காலை உதைத்துக்கொண்டு படுத்திருக்கும் குழந்தையைத் திருப்ப முயலாமல், அது படுத்திருக்கும் பாயை மடித்துவிடுவது போன்ற இந்தத் தந்திரத்தில் வினையின் வலிமையைவிட வடிவத்தைப் பற்றிய அறிவே வேலை செய்கிறது. மூலக்கூறுகள் எந்த நிலையில் சௌகரியமாக இருக்கும் என்னும் வடிவியல் ஆய்வு 1950-இல்தான் டெரக் பார்ட்டனின் கட்டுரையால் துலக்கம் பெற்றிருந்தது என்பதை நினைத்தால் வுட்வர்டின் வேகம் புரியும்.

பி12 கற்பித்த பாடம்

1960-இல் இலைப்பச்சையமான குளோரோஃபில், 1965-இல் செஃபலோஸ்போரின் சி என்று பட்டியல் நீண்டது. 1965-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, கரிமத் தொகுப்புக் கலையில் அவருடைய ஒட்டுமொத்தச் சாதனைகளுக்காக வழங்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் வைட்டமின் பி12-இல் கைவைத்துவிட்டார்.

பி12-இன் அமைப்பை 1950-களின் நடுவில் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்திருந்தார். 63 கார்பன்கள், 88 ஹைட்ரஜன்கள், 14 நைட்ரஜன்கள், நடுவில் ஒரு கோபால்ட் அணு. அந்தக் கோபால்ட்டைச் சுற்றியுள்ள வளையத்தின் விளிம்பில் மட்டும் ஒன்பது கைரல் மையங்கள். ஹார்வர்டில் வுட்வர்டின் குழுவும், சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்பர்ட் எஷென்மோசரின் குழுவும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. மூலக்கூறின் மேற்குப் பாதி அட்லாண்டிக்கின் ஒரு கரையில், கிழக்குப் பாதி மறுகரையில் என்று, முன்பு நாம் கணக்கிட்ட இரு பாதி உத்தியே இங்கே இரண்டு கண்டங்களுக்கிடையே நடந்தது. ஏறத்தாழ நூறு ஆய்வாளர்கள் பதினொரு, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தனர். 1972 பிப்ரவரியில் புது தில்லியில் நடந்த இயற்கை விளைபொருள் வேதியியல் பன்னாட்டுக் கருத்தரங்கில் வுட்வர்டு இத்தொகுப்பைப் பற்றி உரையாற்றினார்.

இந்தப் பெருமுயற்சியின் நடுவே ஒரு சிறு வினை எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்துகொண்டது. ஒரு சங்கிலியின் இரு முனைகள் இணைந்து வளையமாகும் வினை அது. இணையும்போது இரண்டு முனைகளும் சற்றுத் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பம் இரு வகையில் நிகழலாம். மிதிவண்டியின் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் சுழல்வதைப் போல இரு முனைகளும் ஒரே திசையில் திரும்பலாம். கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தின் அடுத்தடுத்த உருளைகள் எதிரெதிராகச் சுழல்வதைப் போல எதிர்த்திசைகளிலும் திரும்பலாம். எந்த வகையில் திரும்பியது என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் பொருளின் முப்பரிமாண வடிவம் மாறும். நெருக்கடியற்ற வழி எதுவோ அதுவே நடக்கும் என்று வுட்வர்டு எதிர்பார்த்திருக்க, வெப்பப்படுத்தினால் ஒரு வகையும் ஒளியைப் பாய்ச்சினால் அதற்கு நேர்மாறான வகையும் பிசகாமல் நிகழ்ந்தன.

அப்போது ஹார்வர்டில் இளம் ஆய்வாளராக இருந்த ரால்டு ஹாஃப்மனோடு சேர்ந்து இதற்கு அவர் கண்ட விளக்கம், எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால்களின் சமச்சீர்மையில் இருந்தது. ஆர்பிட்டாலை ஓர் அலையாக எண்ணிக்கொண்டால் அதற்கு மேடும் பள்ளமும் உண்டு. மேடு மேட்டோடு சேர்ந்தால் பிணைப்பு உருவாகும். மேடு பள்ளத்தோடு சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சங்கிலியின் இரு முனைகளிலும் மேடுகள் ஒரே பக்கமாக இருந்தால் அவை சந்திக்க உருளைகளைப் போல எதிரெதிராகத் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கங்களில் இருந்தால் சக்கரங்களைப் போல ஒரே திசையில் திரும்ப வேண்டும். வினையில் பங்கேற்கும் எலக்ட்ரான்கள் நான்கு என்றால் வெப்பத்தில் சக்கரச் சுழற்சி. ஆறு என்றால் உருளைச் சுழற்சி. ஒளியை உறிஞ்சும்போது ஓர் எலக்ட்ரான் அடுத்த உயர்ந்த ஆர்பிட்டாலுக்குத் தாவுவதால் மேடுபள்ளங்களின் அமைப்பு மாறி, விதி தலைகீழாகிறது. 1965-இல் இருவரும் வெளியிட்ட இந்த விதிகள் வுட்வர்டு–ஹாஃப்மன் விதிகள் எனப்படுகின்றன. டீல்ஸ்–ஆல்டர் வினை வெப்பத்தில் ஏன் அவ்வளவு இலகுவாக நடக்கிறது என்பதற்கும் இதே விதிகள் விடை தந்தன. இதன் மூலக்கருவை 1964-இல் தாமே வுட்வர்டிடம் சொன்னதாக ஹார்வர்டின் மற்றொரு வேதியியலாளர் எலியாஸ் கோரி பல ஆண்டுகளுக்குப் பின் 2004-இல் வெளிப்படையாகக் கூறினார். ஹாஃப்மன் அதை மறுத்தார்.

பி12 மருந்து இன்றும் நுண்ணுயிரிகளை வளர்த்தே எடுக்கப்படுகிறது. வுட்வர்டின் குடுவையிலிருந்து அன்று. ஆனால் பி12-ஐக் கட்டப் போன வழியில் கிடைத்த விதிகள், அந்த வைட்டமினைக் கேள்விப்பட்டிராத வேதியியலாளரும் அன்றாடம் பயன்படுத்தும் கருவியாகிவிட்டன.

வுட்வர்டின் குணநலன்களைப் பற்றி மாணவர்கள் சொல்லிப் பரவிய கதைகள் பல. நீல நிறத்தின்மேல் தீராத மோகம் கொண்டவர். நீலக் கழுத்துப்பட்டை அன்றிக் கட்டாதவர். மணிக்கணக்காக நீளும் உரைகளில் குறிப்புத்தாள் இல்லாமல் வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு கரும்பலகையில் மூலக்கூறுகளை அச்சடித்ததுபோல் வரைவார். ஓயாமல் புகைத்தார். சான்றோரின் அடக்கம் அவரிடம் அவ்வளவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஃபெரோசீன் என்னும் சேர்மத்தில் இரும்பு அணு இரண்டு வளையங்களுக்கிடையே நடுவில் பொதிந்திருக்கிறது என்ற 1952-ஆம் ஆண்டு ஆய்வில் அவருக்கும் பங்கிருந்தது. அத்துறைக்கான 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஜெஃப்ரி வில்கின்சனுக்கும் எர்ன்ஸ்ட் ஃபிஷருக்கும் மட்டும் அறிவிக்கப்பட்டபோது, தம்மை விட்டுவிட்டதைக் கண்டித்துப் பரிசுக்குழுவுக்கே கடிதம் எழுதினார். தமது திட்டமிடும் முறையை மற்றவர் கற்கும்படி விதிகளாக எழுதிவைக்கவும் இல்லை. இலக்கு மூலக்கூறிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பிணைப்பாக வெட்டிக்கொண்டே வந்து எளிய தொடக்கப்பொருளை அடையும் முறையை யாவரும் கற்கத்தக்க ஒழுங்காக வகுத்தவர் அதே எலியாஸ் கோரி. 1990-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்று கல்லூரியில் கற்பிக்கப்படுவது கோரியின் முறையே. ஸ்ட்ரிக்னைனை வுட்வர்டு கட்டியபோது 30-ஐ ஒட்டிய படிகள் தேவைப்பட்டன. 2011-இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டஃபர் வாண்டர்வாலின் குழு, மிக நீண்ட தொடரைக் கணக்கிட்டாலும் ஆறே படிகளில் அதை எட்டியது.

எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பற்றி 1956-இல் எழுதும்போது, அதிலுள்ள கைரல் மையங்களின் மிகுதியைச் சுட்டி, இன்றைய நிலையில் அது நம்பிக்கைக்கு இடமில்லாத அளவு சிக்கலானது என்று வுட்வர்டு குறிப்பிட்டிருந்தார். மொத்தம் 18 மையங்கள். தாளின்மேல் 2,62,144 வடிவங்கள். எழுபதுகளில் அவரே அதில் இறங்கினார். வேலை முடியுமுன், 1979 ஜூலை 8 அன்று, 62-ஆம் வயதில் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். ஹார்வர்டில் யோஷிதோ கிஷியின் மேற்பார்வையில் குழுவினர் எஞ்சிய படிகளை முடித்தனர். 1981-இல் வெளியான கட்டுரைகளில் வுட்வர்டின் பெயர் முதலிலும், அதன்பின் 48 உடனுழைப்பாளர்களின் பெயர்களும் இருந்தன. அதே ஆண்டில் ஆர்பிட்டால் சமச்சீர்மை ஆய்வுக்காக ஹாஃப்மனும், அதைத் தனித்து வேறு வழியில் அணுகிய ஜப்பானின் கெனிச்சி ஃபுகுயியும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.